சென்னைத் துறைமுகத்தில் சிறுவர் பாய்மரப் படகுப் பந்தயம்

சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களுக்குள்ளும் அவற்றைத் தாண்டிய வங்கக் கடலிலும், சிறுவர் சிறுமியர் டிங்கி எனப்படும் சிறிய பாய்மரப் படகுகளைச் செலுத்தப் பழகிப் போட்டியிடும் விளையாட்டு இது. டிங்கியில் எஞ்சின் கிடையாது. ஒருவரோ இருவரோ ஏறி, காற்றையும் தம் உடல் எடையையும் நம்பியே ஓட்ட வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கார்கள் வெளிநாட்டுக்குக் கப்பலேறும் துறைமுகமும் இதுதான். ஒரு லட்சம் டன் கப்பலும் 35 கிலோ படகும் ஒரே நீர்ப்பரப்பைப் பகிர்ந்துகொள்கின்றன.

பாய் இந்தக் கரைக்குப் புதிதல்ல. வீசுவது கச்சான் காற்றா கொண்டல் காற்றா என்று முகத்தில் படுவதைக் கொண்டே சொல்லிவிடும் கட்டுமரக்காரர்கள் நூற்றாண்டுகளாக இங்கே பாய் விரித்திருக்கிறார்கள். ஆனால் விளையாட்டுப் படகுக்கு அமைதியான நீர் வேண்டும். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. 1875இல் தொடங்கிய தடுப்புச் சுவர் வேலையை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. 1904இல் துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு நோக்கியிருந்த நுழைவாயிலை அடைத்து வடகிழக்கே திருப்பியபின்தான் உள்ளே நீர் அடங்கியது. அந்த நீரில் 1911இல் அவர் தொடங்கியதே இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். அடுத்த ஆண்டு இதே ஸ்பிரிங்கின் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் கணிதமேதை ராமானுஜன். அவர் கேம்பிரிட்ஜ் செல்ல ஆதரவு தந்தவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர். படகுச் சங்கத்தைவிட அதற்காகத்தான் ஸ்பிரிங்கின் பெயர் நிலைத்தது, அது நியாயமும்கூட.

தொடக்கக் காலத்தில் இது வெள்ளை அதிகாரிகளும் வணிகர்களும் மாலைப் பொழுதைக் கழித்த பொழுதுபோக்கு. குழந்தைகளுக்கு அதில் இடமில்லை. அவர்களுக்கேற்ற படகே அப்போது உலகில் பரவலாக இருக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்த படகு 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் கிளியர்வாட்டரில் பிறந்தது. சரிவில் உருட்டிவிடும் மரவண்டிப் பந்தயத்துக்கு மாற்றாக, சிறுவர்கள் எப்போதும் விளையாடக்கூடிய மலிவான படகு ஒன்று வேண்டும் என்று கிளிஃபர்ட் மெக்கே என்பவர் கேட்டார். கடைகளில் ஒட்டுப்பலகை எட்டடி நீளத்தில் கிடைத்ததால், படகுத் தச்சர் கிளார்க் மில்ஸ் அந்த நீளத்துக்குள் அடங்கும்படி ஆப்டிமிஸ்ட் படகை வடித்தார். அணியம் (படகின் முன்முனை) கூராக இல்லாமல் தட்டையாக, தொட்டி மாதிரி இருப்பதற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணம். நீளம் 2.36 மீட்டர், ஒரே பாய். பின்னாளில் கண்ணாடியிழைக்கு மாறினாலும் வடிவம் மாறவில்லை. 15 வயது நிறையும் ஆண்டு வரை மட்டுமே இதில் போட்டியிடலாம். அதன்பின் ஒற்றை ஆள் ஓட்டும் லேசர் படகு. கனடாவின் புரூஸ் கிர்பி வடிவமைத்து 1971இல் சந்தைக்கு வந்தது, இன்று ஐஎல்சிஏ என்று அழைக்கப்படுகிறது. உடல் ஒன்றே, பாய் மூன்று அளவு: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். பிள்ளை வளர வளரப் படகை மாற்ற வேண்டாம், பாயையும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியையும் மாற்றினால் போதும்.

பயிற்சி பெரும்பாலும் கவிழ்ப்பதில்தான் தொடங்கும். கவிழ்ந்த படகின் அடியில் நீண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று நிமிர்த்தப் பழகிவிட்டால் பாதி பயம் போய்விடும். அடுத்து சுக்கானும் பாயின் கயிறும். காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் ஓடாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறி ஏற வேண்டும். எந்தப் பக்கம் முதலில் போவது என்பதிலேயே பந்தயம் பெரும்பாலும் முடிவாகிவிடும். கோடையில் காலையில் நிலத்திலிருந்து வீசும் காற்று தளர்ந்து, நண்பகலுக்குப் பின் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று நுழையும் அந்த இடைவேளையைப் படிக்கத் தெரிந்தவர் முந்துவார். கரையோரப் பிள்ளைகளுக்கு இந்தக் காற்றறிவு பரம்பரைச் சொத்தாக இருக்க வேண்டியது.

தண்ணீரில் விசில் ஊதும் நடுவர் எப்போதும் பக்கத்தில் இருப்பதில்லை. விதியை மீறியவர் தாமாகவே படகை இரண்டு சுற்று சுழற்றித் தண்டனையை ஏற்பார். ஏற்காவிட்டால் கரையில் விசாரணை. முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு. குறைந்த கூட்டுத்தொகை பெற்றவரே வெற்றியாளர்.

இந்த நீரிலிருந்து உலகப் போட்டிகளுக்குச் சென்றவர்கள் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் பயிற்சி பெருகியபின் அடுத்தடுத்து வந்தார்கள். 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் வர்ஷா கௌதம், ஐஸ்வர்யா நெடுஞ்செழியன் இணை 29இஆர் படகுப் பிரிவில் வெண்கலம் வென்றது. 2018 ஜகார்த்தாவில் வருண் தக்கர், கே.சி. கணபதி இணைக்கு வெண்கலம். அச்சங்கத்தின் கோடை முகாமில் பாய் பிடிக்கக் கற்ற நேத்ரா குமணன், 2021 ஏப்ரலில் ஓமனின் முசன்னாவில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை ஆனார். டோக்கியோ ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் நடந்த எனோஷிமா தீவில் இந்தியாவுக்காக இறங்கியவர்கள் நால்வர்: நேத்ரா, வருண், கணபதி, வேலூரைச் சேர்ந்த ராணுவ வீரர் விஷ்ணு சரவணன். நால்வரும் தமிழ்நாட்டவர்.

விஷ்ணு கற்றது சென்னைச் சங்கங்களில் அல்ல, ராணுவத்தின் வழியில். இந்த வேறுபாடு முக்கியமானது. துறைமுகம் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் காவலில் உள்ள பகுதி. அனுமதிச் சீட்டு, படகுக்கான செலவு, பெற்றோரின் நேரம் மூன்றும் கூடினால்தான் பிள்ளை தண்ணீரைத் தொடும். ஒரகடம் ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. ஆனால் அது சென்னையின் குடிநீர்த் தேக்கம். மத்தியப் பிரதேசம் வேறு வழியில் போனது: போபால் ஏரியில் தேசியப் பாய்மரப் படகுப் பள்ளி உண்டு, தேவாஸ் மாவட்ட விவசாயியின் மகள் நேஹா தாக்கூர் அங்கே பழகி 2023 ஹாங்சூ ஆசியப் போட்டியில் வெள்ளி வென்றார். கடலே இல்லாத மாநிலம் அது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டில் திறமைக்குக் குறைவில்லை, நுழைய வாசலுக்குத்தான் குறை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் விஷ்ணு 18ஆம் இடமும் நேத்ரா 21ஆம் இடமும் பெற்றனர்.