மனச்சிதைவும் காட்சிப்புலனும்: அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அக்கரப்பத்தனைத் தேயிலை மலைகளை மூடுபனி கவிந்துகொள்ளும்போது, அடுத்த நிரையில் நிற்பவரின் முகம் தெரிவதில்லை. எனினும் கொழுந்து பறிக்கும் பெண், கூடையின் சாய்வையும் நடையையும் கொண்டே அவர் இன்னாரென அறிந்துகொள்கிறாள். கண் தருவது துண்டு துண்டான செய்தி. அதனை முன்னனுபவத்தோடு பொருத்தி உருவமாக்குவது மூளை. பச்சைப் பரப்பிலே இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட கொழுந்தை மட்டும் பிரித்தறியும் பார்வையும் இவ்வாறு உழைப்பினாற் பழகியதேயாகும். மூளைப் பகுதிகளுக்கிடையிலான தொடர்பு மாறுபடுமாயின் உலகம் எவ்வாறு தோன்றும்? ஸ்கிற்சோபிரீனியா எனப்படும் மனச்சிதைவு நோயின் ஆய்வு வரலாறு இவ்வினாவுக்கு வந்துசேர நெடுங்காலம் சென்றது. அவ்வரலாறு மலையக மக்களுக்கு எதனை உணர்த்துகின்றது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யேர்மானிய மருத்துவர் எமில் கிறேப்பலின் இந்நோயை இளமையிலேயே தொடங்கும் அறிவுச் சிதைவாகக் கண்டார். நோயாளி படிப்படியாக அழிவை நோக்கிச் செல்பவர் என்பது அவரது கருத்து. 1908 இல் சுவிற்சர்லாந்து மருத்துவர் ஒயிகன் புளொய்லர் இதனை மறுத்து, பிளவு, உள்ளம் என்ற பொருள்தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து புதிய பெயரை ஆக்கினார். எண்ணத்துக்கும் எண்ணத்துக்கும் இடையிலுள்ள பிணைப்புத் தளர்வதே நோயின் அடிப்படை என்றார் அவர். தமிழில் வழங்கும் ‘மனச்சிதைவு’ என்ற சொல், புளொய்லர் கண்ட தளர்வையன்றிக் கிறேப்பலின் விதித்த தீர்ப்பையே சுமந்து நிற்கின்றது என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

இந்நோய் பற்றிய ஆராய்ச்சியிலே காட்சிப்புலன் நீண்டகாலம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1939 இல் குர்ட் ஷ்னைடர் வகுத்த முதன்மை அறிகுறிகளுள் காதில் ஒலிக்கும் குரல்கள் முக்கிய இடம்பெற்றன. கண்ணுக்குத் தோன்றும் மாயத்தோற்றங்கள் இடம்பெறவில்லை. 1961 இல் ஸ்கொட்லாந்தின் மகீ, சப்மன் ஆகிய இருவரும் நோயாளரின் சொந்த விவரிப்புகளைத் தொகுத்து வெளியிட்டபோதே, நோயின் தொடக்கத்தில் புலனுணர்வு மாறுவதும், வேண்டாதவற்றை விலக்கிக் காணும் ஆற்றல் குறைவதும் ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றன. நோயாளியின் வாய்மொழி நம்பத்தக்க சான்றாக ஏற்கப்பட்டமையே இதன் வரலாற்று முக்கியத்துவமாகும்.

1995 இல் காள் பிறிஸ்ரன், கிறிஸ் பிறித் ஆகியோர் மூளைப் பகுதிகளுக்கிடையிலான தொடர்பின் கோளாறே இந்நோய் என்ற கருதுகோளை முன்வைத்தனர். 2009 இல் ஹனோவரையும் இலண்டனையும் சேர்ந்த ஆய்வாளர் இக்கருதுகோளுக்கு வலுச்சேர்க்கும் சோதனையொன்றை வெளியிட்டனர். முகமூடியொன்றின் உட்குழிந்த பக்கத்தைப் பார்க்கும் பெரும்பாலோருக்கு அது புடைத்த முகமாகவே தோன்றும். முகம் குழிந்திருக்காது என்ற முன்னெண்ணம் கண் தரும் செய்தியை வென்றுவிடுகின்றது. இவ்வகை முகப் படங்கள் 13 நோயாளருக்கும் நலமுள்ள 16 பேருக்கும் காட்டப்பட்டன. நலமுள்ளோர் ஏமாந்தனர், நோயாளர் பெரும்பாலும் குழிவைக் குழிவாகவே கண்டனர். நலமுள்ளோரின் மூளையில் மேல்நிலைப் பகுதிகளிலிருந்து காட்சிப் பகுதிகளுக்குச் செல்லும் தொடர்பு அவ்வேளையில் வலுப்பெற்றது. நோயாளரிடம் அவ்வாறு நிகழவில்லை. சிறு குழுவொன்றில் நடத்தப்பட்ட இச்சோதனை தனியொருவருக்கு நோயுண்டா என அறியும் கருவியன்று. எனினும், நோயாளியின் பார்வை பொய்யன்று, வேறு வகையில் இணைக்கப்பட்டது என்ற கருத்துக்கு இது வலுச்சேர்க்கின்றது.

இவ்வறிவு வளர்ந்த காலத்திலே தோட்டங்களில் நிலவியது என்ன? 1872 இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனக் குடியேற்ற ஆட்சி சட்டமொன்றை இயற்றியது. மறு ஆண்டே, 1873 இல், பைத்தியர் சட்டம் வந்தது. முன்னையது உழைக்கும் உடலைப் பேணவும், பின்னையது உழைக்கவியலாத மனத்தை நீதிமன்றின் வழியாக அடைத்துவைக்கவும் பயன்பட்டன எனக் கூறின் மிகையாகாது. 1920களின் பிற்பகுதியில் அங்கொடை மருத்துவமனை எழுந்தது. தேசிய மனநல நிறுவகம் என 2008 இல் அது பெயர்மாற்றம் பெற்றது. ஆயினும் ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயர் வசைச்சொல்லாகிய நிலை எளிதில் மாறவில்லை.

தோட்டத்தின் அன்றாடக் கணக்கோ இதனினும் இறுக்கமானது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். வெளிச்சம் கூசுவதும், முகங்கள் உருமாறித் தெரிவதும், எதைப் பார்ப்பது எதை விடுவது எனத் தடுமாறுவதும் பிரட்டுக்களத்திலே சோம்பலென்றே எண்ணப்படக்கூடியவை. லயத்திலோ அவை பேயின் வேலையாகிக் கோடாங்கியின் உடுக்கைக்கு உரியவையாயின. கோடாங்கியை நாடியமையை அறியாமையென இகழ்வது எளிது. வேறு எவரும் அம்மனிதரிடம் ‘உனக்கு என்ன தெரிகிறது?’ எனக் கேட்கவில்லை என்பதை மறத்தலாகாது.

1979 இல் நான்சி வக்ஸ்லர், இலங்கையில் இந்நோயாளரை ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார். பலர் நல்ல நிலைக்கு மீண்டிருந்தனர். நோயாளியை ஒதுக்காது மீண்டும் தன்னுள் ஏற்கும் சமூக அமைப்பே அதற்குக் காரணமென அவர் விளக்கினார். இம்முடிவைக் கொண்டு வறுமையைப் போற்ற முற்படுவது தவறு. ஒற்றை அறையில் ஒரு குடும்பம் வாழும் லயத்தில் உறவு தாங்கும் சுமை, அரசும் தோட்ட நிர்வாகமும் தாங்காது விட்ட சுமையேயாகும். ஆயினும் உறவின் பிணைப்பு நோயின் போக்கை மாற்றவல்லது என்ற கருத்து புறக்கணிக்கத்தக்கதன்று.

யப்பான் 2002 இல் இந்நோயின் பழைய பெயரை நீக்கி ‘ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்ற பொருளுடைய பெயரை ஏற்றது. தென்கொரியா 2011 இல் யாழின் நரம்பு சுருதி சேராமையைக் குறிக்கும் பெயரைத் தெரிந்தது. சுருதி தளர்ந்த நரம்பை மீண்டும் முறுக்கலாம். சிதைந்ததை அவ்வாறு செய்ய இயலாது. தமிழிலும் ‘தொடர்புத் தளர்வு’ போன்றதொரு பெயரைப் பற்றி அறிஞர் சிந்திப்பது நன்று.

பெயர் மாற்றம் மட்டும் போதாது. உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரைத் தொடும் இந்நோய் அக்கரப்பத்தனைக்கு மட்டும் விதிவிலக்களிப்பதில்லை. காட்சி மாற்றங்கள் அனைத்தும் இந்நோயாகா. கண்நோயும், மதுப்பழக்கமும், காய்ச்சலும் அவற்றைத் தரக்கூடும். ஆகவே தோட்ட மருந்தகத்திலே, தொழிலாளியின் சொந்த மொழியில், அவர் காண்பது யாதெனப் பொறுமையுடன் கேட்டறியும் பயிற்சி பெற்றவர் இருத்தல் வேண்டும். ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி நமக்குக் கற்பித்த முதற்பாடம் அக்கேள்வியே. அதனைக் கேட்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.