ஒடுங்கிய துவிச்சக்கர வண்டி

பௌதிகவியலைச் சித்திரத்தால் விளக்க முடியுமா என்று கேட்போருக்கு நான் ஒரு துவிச்சக்கர வண்டியைக் காட்டுவேன்.

விஞ்ஞானி ஜோர்ஜ் கமோவ், ரொம்ப்கின்ஸ் என்ற வங்கி எழுதுவினைஞரைக் கனவில் ஒரு நகருக்கு அனுப்பினார். அங்கே ஒளியின் வேகம் மிகக் குறைவு. ஆகவே விரைந்தோடும் துவிச்சக்கர வண்டி ஒடுங்கித் தெரிகிறது. கதையோடு வந்த படம் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையைச் சாதாரண வாசகனிடம் கொண்டுசென்றது.

1959இல் பென்றோஸும் ரெரலும் தனித்தனியே ஒரு திருத்தம் சொன்னார்கள். அளந்தால் வண்டி ஒடுங்கியிருக்கும். ஆனால் அதன் பல பகுதிகளிலிருந்து ஒளி வந்துசேரும் நேரம் வேறுபடுவதால், கண்ணுக்கு அது சற்றுத் திரும்பியதுபோலவே தோன்றும்.

படம் பிழைதான். ஆயினும் அளப்பது வேறு, காண்பது வேறு என்று எனக்கு உணர்த்தியது அந்தப் பிழையே. படத்தை நான் கிழிக்கமாட்டேன். திருத்தத்தை அதன் அருகே எழுதிவைப்பேன்.