மூலக் கடிகாரமும் புதுக்கிய கடிகாரமும்

பழைய கைக்கடிகாரம் ஒன்றினை வாங்கக் கருதுவோன் முன்னே பெரும்பாலும் இருவகைப் பொருள்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று, செய்தவன் கையை விட்டு நீங்கிய நாள்தொட்டு மாற்றமின்றி இருப்பது. முகப்பு மங்கி, கூடு தேய்ந்து, சிலவேளை ஓடாதும் கிடப்பது. மற்றையது, முகப்புக்குப் புதுவண்ணம் பூசி, கூட்டினை மெருகிட்டு, தேய்ந்த சக்கரங்களை மாற்றி, நேற்றுச் செய்தது போல விளங்குவது. இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது? இது கடைத்தெரு வினாவெனத் தோன்றினும், உண்மையில் வரலாற்று மாணவனுக்குரிய வினாவாகும். பழம்பொருள் ஒன்று நமக்குப் பயன்படுவதற்காக இருக்கின்றதா, அன்றிச் சான்று கூறுவதற்காக இருக்கின்றதா என்பதே அதன் உட்கிடை. கடிகாரக் கலையின் வரலாற்றிலே புகழ்பெற்ற சில பொறிகளுக்கு நேர்ந்தவற்றை ஆராயின் இவ்வினாவுக்கு விடை காணலாம்.

கடலிற் செல்லும் மாலுமி தான் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டினை ஞாயிற்றையும் விண்மீன்களையும் நோக்கி அறியலாம். நெடுங்கோட்டினை அறிதற்கோ, புறப்பட்ட துறையின் நேரமும் அவனுக்குத் தெரிதல் வேண்டும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழலுதலின், நேரத்தில் நான்கு நிமிடம் பிழைப்பின் இடத்தில் ஒரு பாகை பிழைக்கும். இவ்விடர் நீக்கும் வழி காண்பார்க்கு 20,000 பவுண் வரை பரிசளிப்பதாகப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1714 இல் சட்டம் இயற்றியது. யோக்சயர்ப் பகுதியில் 1693 இல் பிறந்த ஜோன் ஹரிசன் என்னும் தச்சர் இதற்கெனத் தம் வாழ்நாளையே செலவிட்டார். 1735 முதல் 1759 வரை அவர் செய்து முடித்த நான்கு பொறிகளும் எச்-1, எச்-2, எச்-3, எச்-4 என இன்று வழங்கப்படுகின்றன. முதல் மூன்றும் பெரிய கடிகாரங்கள். நான்காவதோ ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர் விட்டமுடைய, சட்டைப்பைக் கடிகாரத்தை ஒத்த பொறி. 1761 இல் ஹரிசனின் மைந்தர் அதனை ஜமேக்காவுக்கு எடுத்துச் சென்றபோது, 81 நாட்களின் முடிவில், அதன் இயல்பான ஓட்டத்துக்குரிய கழிவு போக, ஏறத்தாழ ஐந்து செக்கன் பிழையே காணப்பட்டது.

ஆயினும் நெடுங்கோட்டுச் சபையார் அமைதி கொண்டாரல்லர். ஹரிசன் ஒருவர்க்கே கைவந்த வித்தையாயின் அதனாற் கடலோடிகள் எல்லார்க்கும் யாது பயன் என்பது அவர்தம் ஐயம். எனவே 1765 இல் எச்-4 அறிஞர் சிலர் முன்னிலையிற் கழற்றிக் காட்டப்பட்டது. அவ்வாறே மற்றொன்று செய்யுமாறு லாக்கம் கென்டால் என்னும் கடிகாரக் கம்மியர் பணிக்கப்பட்டார். அவர் 1769 இல் நிறைவேற்றிய படியே கே-1 எனப்படுவது. 1772 முதல் 1775 வரை கப்டன் குக் நிகழ்த்திய இரண்டாம் பெரும் பயணத்தில் உடன்சென்று, கடற்கடிகாரத்தின் பயனை உலகுக்கு நிலைநாட்டியது மூலமன்று, இந்தப் படியே. ஆகவே, தொழிலளவில் நோக்குமிடத்து, நன்கு செய்யப்பட்ட படி மூலத்துக்குத் தாழ்ந்ததன்று என்னும் உண்மையை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நேரம் அறிதலே நோக்கமாயின் மூலத்தை நாடவேண்டிய நியாயம் யாதுமில்லை.

ஆனால் ஒரு பொறியின் வாழ்வு அதன் தொழிலோடு முடிந்துவிடுவதன்று. ஹரிசனின் பொறிகள் கடலை விட்டு நீங்கியபின் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1920 இல் றூப்பேட் கூல்ட் என்னும் கடற்படை அதிகாரி கிறீனிச்சிலே அவற்றைக் கண்டபோது அவை அழுக்கும் களிம்பும் ஏறிப் பழுதுற்றிருந்தன. அவற்றைத் தூய்மை செய்து இயக்கும் பணியை அவர் மேற்கொண்டார். எச்-3 ஒன்றுக்கே ஏழாண்டுகள் சென்றன; எச்-1 இன் பணி 1933 இல் முற்றுப்பெற்றது. எச்-1 இலே காணாமற்போன உறுப்புகளுக்கு ஈடாக அவர் புதியன செய்து பொருத்தவேண்டியதாயிற்று. அங்ஙனமாயின் இன்று ஓடும் எச்-1 மூலமா, புதுக்கியதா என ஒருவர் வினவக்கூடும். இரண்டும் எனலே பொருந்தும். எனினும் கூல்ட் தாம் கண்டனவற்றையும் செய்தனவற்றையும் வரைபடங்களோடு குறிப்பேடுகள் பலவற்றில் எழுதி வைத்தார். தம் கைவேலையைப் பழையதென மறைக்க அவர் முயன்றாரல்லர்.

இன்று கிறீனிச்சுக்குச் செல்வோர் வேறொரு வேற்றுமையையும் காண்பர். எச்-1, எச்-2, எச்-3 ஆகியன ஓடிக்கொண்டிருக்கின்றன. எச்-4 ஓடாமல் நிறுத்தப்பட்டுள்ளது. அது பழுதுற்றதனால் அன்று. முதல் மூன்று பொறிகளையும் எண்ணெய் வேண்டாதவாறு ஹரிசன் அமைத்தார். எச்-4 எண்ணெயின்றி ஓடாது. ஓட ஓடத் தேயும். தேய்ந்த உறுப்பை மாற்றின் ஹரிசனின் கைவேலையில் ஒரு கூறு என்றென்றைக்கும் நீங்கும். ஆதலின் கடிகாரங்களுள் மிகப் புகழ்வாய்ந்த ஒன்று, தான் தானாகவே இருத்தற்பொருட்டுத் தன் தொழிலைத் துறந்து நிற்கின்றது. மூலத்தைப் போற்றுதலுக்குக் கொடுக்கும் விலை இதுவாகும்.

இனிப் பிரான்சிலே எழுந்த மற்றொரு பொறியைக் காண்போம். பாரிசிலே தொழில்புரிந்த ஆபிரகாம் லூயி பிரெகே என்னும் பெருங் கம்மியரிடம், அரசி மரி அந்துவானெற்றுக்கென 1783 இல் ஒரு கடிகாரம் செய்யுமாறு கட்டளையிடப்பட்டது என்பர். அந்நாளில் அறியப்பட்ட நுட்பங்கள் யாவும் அதில் அமைதல் வேண்டும் என்பது கட்டளை. அரசி 1793 இல் கொலைக்களம் புக்காள். பிரெகே 1823 இல் மறைந்தார். 160 என்னும் எண் கொண்ட அக்கடிகாரம் 1827 இலேதான் முற்றுப்பெற்றது. பிற்காலத்தில் அது ஜெருசலேம் நகரத்து நூதனசாலை ஒன்றைச் சேர்ந்தது. 1983 ஏப்ரலில் அங்கிருந்த 106 கடிகாரங்கள் களவாடப்பட்டபோது அதுவும் மறைந்தது.

அது மீளும் என்னும் நம்பிக்கை அற்றிருந்த காலத்தில், பிரெகேயின் பெயர் தாங்கிய நிறுவனம் அதனை மீண்டும் படைக்கத் துணிந்தது. கம்மியர் கையில் மூலம் இல்லை. பழைய வரைபடங்களும் ஏடுகளுமே இருந்தன. அவற்றைத் துணைக்கொண்டு செய்த கடிகாரம் 1160 என்னும் எண்ணோடு 2008 இல் வெளிப்பட்டது. இதற்கிடையே, களவுபோன மூலம் மீட்கப்பட்ட செய்தி 2007 இல் உலகறிய வந்தது. இவ்வாறு இரண்டும் ஒருங்கே இருக்கும் நிலை நேர்ந்தது.

இவற்றுள் எது உயர்ந்தது? புதியது பழையதைப்போல ஓடுதல் கூடும், அழகிலும் குறைவில்லை. அதனைச் செய்தோர் பிரெகேயின் முறைகளை மீளக் கற்றனர், அக்கல்வி சிறிதன்று. ஆயினும், படியானது அதனைச் செய்தவன் முன்னரே அறிந்ததை மட்டுமே கூறவல்லது. பற்கள் எவ்வரத்தால் அராவப்பட்டன, கம்மியன் எங்கே தவறித் தன்னைத் திருத்திக்கொண்டான், நாற்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனை கைகள் அதில் உழைத்தன என்பனவற்றை வரைபடம் கூறாது. மூலத்தின் உலோகமே கூறும். நாம் இன்னும் கேட்கக் கற்றுக்கொள்ளாத வினாக்களுக்கும் விடை அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. மூலம் அழிந்தால் அவ்விடைகளும் உடன் அழியும். படி அழிந்தால் மற்றொரு படி செய்துகொள்ளலாம்.

இதனாற் பழம்பொறியிற் கைவைத்தல் யாவும் குற்றம் எனக் கொள்ளற்க. அதே பிரெகே செய்த வேறொரு செயலை ஈண்டு நினைத்தல் தகும். இங்கிலாந்தின் கடிகாரக் கலைஞருட் சிறந்த ஜோன் ஆர்னல்ட் அவருடைய நண்பர். 1799 இல் மறைந்தார். ஆர்னல்ட் செய்த பழைய கடிகாரம் ஒன்றினுள்ளே, தாம் 1801 இல் உரிமை பெற்ற தூர்பியோன் என்னும் சுழலமைப்பைப் பொருத்தி, 1808 இல் நண்பரின் மைந்தருக்குப் பிரெகே வழங்கினார். இது புதுக்கிய கடிகாரமே, மூலநிலையில் இல்லாததே. ஆயினும் எப்பகுதி ஆர்னல்டினது, எது தம்முடையது, எதற்காக இதனைச் செய்தார் என்பனவற்றை அப்பொறியின் மேலேயே அவர் பொறித்து வைத்தார். இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ள அக்கடிகாரத்தைப் பொய்யென்று எவரும் கூறார். மாற்றத்தை மறைத்தலே குற்றம், மாற்றுதல் அன்று.

இவ்வுண்மைகளை நம் வினாவிற் பொருத்திக் காண்போம். நாள்தோறும் அணிந்து நேரம் பார்க்க விரும்புவோன் புதுக்கிய கடிகாரத்தைக் கொள்ளலாம். எவ்வெவ்வுறுப்பு மாற்றப்பட்டது என விற்போன் ஒளியாது கூறுதலும், அதற்கேற்ப விலை குறைதலும் வேண்டும். வேறு மூன்று கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து, முகப்பிலே புகழ்பெற்ற பெயரை எழுதிப் பழையதென விற்பது படியுமன்று, மூலமுமன்று; அது பொய்ச்சாட்சி. முகப்பின் எழுத்து, முட்களின் வடிவம், கூட்டின் எண், உட்பொறியின் எண் ஆகிய நான்கும் ஒரே காலத்தைக் காட்டுகின்றனவா என ஆராய்தலே வாங்குவோனுக்கு உரிய காவல்.

மூலத்தை விரும்புவோனுக்கும் கடமைகள் உள. தூசு போக்கி எண்ணெயிடுதல் சிதைவன்று, பேணலேயாம். மங்கிய முகப்பை மீள எழுதுவிப்பதும், கூட்டின் விளிம்புகள் கரையுமாறு மெருகிடுவதும் மீளாச் செயல்கள். மேலும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருளில் ஒளிரும்பொருட்டுப் பல முகப்புகளில் இரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. அப்பூச்சு ஒளி குன்றினும், இரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 ஆண்டுகளாதலின் அதன் கதிர்வீச்சு குன்றுவதில்லை. அத்தகைய கூட்டினைப் பயிலாதவர் திறத்தல் தகாது.

முடிபாகக் கூறின், பயன் வேண்டுவோன் புதுக்கியதைக் கொள்க. சான்று வேண்டுவோன் மூலத்தைக் கொள்க. இரண்டில் ஒன்றைத் துணிய இயலாது மயங்குவோன் மூலத்தையே கொண்டு அதனை உள்ளவாறே வைத்திருப்பானாக. மூலத்தை நாளையும் புதுக்கலாம். புதுக்கியதை எந்நாளும் மூலமாக்கல் இயலாது. நேரத்தை அளக்கச் செய்த பொறியிலே, கடந்துபோன காலம் தானே எழுதிச் சென்ற தேய்வும் மங்கலும் ஒருவகை ஏடு. அதனை வாசிக்க நாம் இன்று கல்லாதிருப்பினும், நாளை வருவோர்க்காக அழியாது விட்டுவைத்தல் நம் கடன்.