இரண்டு வாழை, ஒரு தோரணம்



போன வாரம் என்னிடம் படித்த பையன் ஒருவன் வந்தான். தங்கைக்கு தி.நகர் மண்டபத்தில் கல்யாணம். மேடை அலங்காரத்துக்கென்றே கடன் வாங்கப் போகிறானாம். அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அகநானூறு 86-ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு கல்யாண வீட்டைக் காட்டுகிறார். வரிசையாகக் கால் நட்ட பந்தல், தரையில் புதுமணல், விளக்கு, மாலை. பிள்ளை பெற்ற மகளிர் நால்வர் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். அலங்காரம் அவ்வளவுதான்.

1974-ல் மயிலாப்பூரில் எங்கள் அக்கா கல்யாணமும் ஏறக்குறைய அப்படியே. முந்தின நாள் காலையில் மூங்கிலும் கீற்றும் வந்து இறங்கின. சாயங்காலத்துக்குள் தெருவை அடைத்துப் பந்தல். வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு. மாமா தென்னங்குருத்தில் தோரணம் பின்னினார். நாங்கள் சின்னப் பிள்ளைகள் மாவிலையைக் கயிற்றில் செருகினோம். அத்தை நடுராத்திரி வரை மாக்கோலம் போட்டார்.

அதற்கு முன்பே, 1967-ல், அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. உற்றார் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும். மேடையைச் சட்டமும் கேட்கவில்லை.

"போட்டோவுல நல்லா இருக்குமா டீச்சர்?" என்றான். அக்கா கல்யாணக் கருப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினேன். வாழை தெரிகிறது, எல்லார் முகமும் தெரிகிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடன் யோசனையை விட்டுவிட்டான். மாட வீதியில் சாமந்திச் சரமும் குருத்தோலையும் வாங்கிக்கொள்ளப் போகிறோம். தோரணம் கட்ட நானும் போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள், இரண்டு மணி நேர வேலைதான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்