ஈழத்தலரி

சரித்திரக் கதை எழுதுகிறவன் அரசர்களைவிடச் செடிகளிடம்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதை எனக்குக் கற்பித்தவர் பாகூர் வாசகர் ஒருவர்.

9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன், தன் 8-ஆம் ஆட்சியாண்டில், பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாக அளித்தான். செப்பேடுகள் சாட்சி சொல்கின்றன. அந்தக் கல்விச்சாலையைப் பின்னணியாக வைத்து நான் ஒரு கதை எழுதினேன். முற்றத்தில் ஓர் ஈழத்தலரியை நட்டு, கதாநாயகியை அதனடியில் நிறுத்தினேன். சில நாளில் கடிதம் வந்தது: "ஐயா, தங்கள் மரம் குறைந்தது அறுநூறு வருஷம் முன்னதாகப் பூத்துவிட்டதே!"

எனக்குக் கோபம்தான் வந்தது. கோயில் மதிலோரத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் நிற்கிற மரம் அன்னியமா? அலரி என்பது நம் பழைய செடியாயிற்றே! சங்கப் புலவர் கணவீரம் என்று பாடிய செவ்வலரி அதுதானே! ஆனால் பெயரின் முன்பாதியை நான் யோசிக்கவில்லை. கடல் கடந்து வந்தது என்று 'ஈழத்து' என்ற சொல்லே சொல்லிக்கொண்டிருந்தது.

உண்மையில் அதன் தாயகம் ஈழமும் அல்ல. மெக்சிகோவும் அதைச் சார்ந்த அமெரிக்க நாடுகளும். 1492-இல் கொலம்பஸ் கடல் தாண்டிய பிறகே கீழ்த்திசைக்கு அதற்கு வழி பிறந்தது. மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். தாவர நூலார் இட்ட பெயர் புளூமேரியா. மேற்கிந்தியத் தீவுகளுக்கு மூன்று முறை சென்று செடிகளை ஆராய்ந்த பிரெஞ்சுத் துறவி சார்ல் ப்ளூமியேயின் (1646–1704) ஞாபகமாக வைத்தது. அவர் இளைஞராக இருந்தபோதுதான், 1674-இல், பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிறுவினார்.

சரி, அத்தனை மாதக் கப்பல் பயணத்தில் ஒரு செடி எப்படிப் பிழைத்தது? வாசகரைத் தேடிப் பாகூருக்கே போனேன். அவர் பதில் சொல்லவில்லை. தம் தோட்டத்து மரத்திலிருந்து ஒரு முழக் கிளையை வெட்டிக் கையில் கொடுத்தார்.

"பால் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே நட்டால் அழுகிவிடும். ஒரு வாரம் நிழலில் கிடந்து வெட்டுவாய் காயட்டும். மேட்டுப் பாத்தியில், மணல் கலந்து நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நீர் அடியில் தேங்கக் கூடாது. தை மாதம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். செத்துப்போயிற்றென்று குடம் குடமாக ஊற்றிக் கொன்றுவிடாதீர்கள்."

அந்தக் கிளை என் திண்ணையில் எட்டு நாள் கிடந்தது. மண்ணில்லை, நீரில்லை, ஆனாலும் சாகவில்லை. தினமும் அதைப் பார்த்தபோது என் கேள்விக்கு விடை கிடைத்தது. காய்ந்து கிடந்த பிறகே வேர்விடுகிற சுபாவம் இருந்ததால்தான் அது சமுத்திரம் தாண்டியது.

மறு வருஷம் சித்திரையில், இலையில்லாத நுனியில் வெள்ளையும் மஞ்சளுமாக முதல் கொத்து பூத்தது.

கதை புத்தகமாக வந்தபோது கதாநாயகியைச் செவ்வலரிக்கு அருகில் மாற்றி நிறுத்தினேன். ஈழத்தலரி என் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.