பானுமதி கேட்காத மன்னிப்பு

நடிகைகள் வேண்டாமென்று ஒதுக்கிய புகழ்பெற்ற வேடங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று அரங்கத்தில் எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் எல்லாரும் ஒரு பட்டியலைத்தான் எதிர்பார்ப்பார்கள். இந்தப் படத்தில் முதலில் அவர் நடிக்க வேண்டியது, அந்தப் பாத்திரம் முதலில் இவருக்குப் போனது என்று. எங்கள் நேரலை நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்களும் இப்படிப்பட்ட கதைகளை ஆசையோடு சொல்வார்கள். கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் பெரும்பாலான கதைகள் படம் வெற்றி பெற்ற பிறகு முளைத்தவை. ஆகவே பட்டியலை விட்டுவிட்டு ஒரே ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். அவர் பி. பானுமதி.

பழைய படம் பார்ப்பவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மலைக்கள்ளன், அலிபாபாவும் 40 திருடர்களும், மதுரை வீரன் என்று சொன்னாலே போதும். நம் தோட்டப்புறங்களில் திறந்தவெளித் திரையில் படம் பார்த்து வளர்ந்த பாட்டிமார்கள், “அவளா? திமிர் பிடித்தவ, ஆனா என்ன குரலு!” என்று இன்றும் சொல்வார்கள். அந்தத் ‘திமிர்’ பற்றித்தான் பேச வேண்டும். ஏனென்றால் அதனால் இரண்டு பெரிய படங்கள் திசை மாறின. இரண்டு நடிகைகளின் வாழ்க்கையும் மாறியது.

முதலாவது மிஸ்ஸியம்மா. 1955-ஆம் ஆண்டு பொங்கலுக்கு வந்த படம். நாகி ரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா நிறுவனத்தின் தயாரிப்பு, எல்.வி. பிரசாத் இயக்கம். தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள். தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் என்.டி. ராமராவ். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலையில்லாத ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் ஆசிரியர் வேலைக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லிக்கொண்டு ஒரு ஜமீன்தார் வீட்டுக்கு வருகிறார்கள். அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். எதற்கெடுத்தாலும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

இந்த மேரி வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் பானுமதி. ஜமீன்தாரின் இளைய மகளாக, இரண்டாம் கதாநாயகியாகத் தேர்வானவர் சாவித்திரி. பானுமதியை வைத்து நான்கு ரீல்கள் வரை எடுத்தும் முடித்துவிட்டார்கள். பிறகுதான் சிக்கல் வந்தது.

அன்று வரலட்சுமி நோன்பு. பூஜையை முடித்துவிட்டுப் பானுமதி படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தார். முன்கூட்டியே கடிதம் எழுதிச் சொல்லிவிட்டதாக அவர் சொன்னார். அந்தக் கடிதம் முதலாளியின் கைக்குப் போகவில்லை. சக்கரபாணி கண்டிப்புக்குப் பெயர் போனவர். எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டுத்தானே வந்தேன், எதற்கு மன்னிப்பு என்று பானுமதி மறுத்தார். எடுத்த ரீல்களைச் சக்கரபாணி அவர் கண்ணெதிரிலேயே எரித்துவிட்டார் என்று திரைப்பட வரலாறு எழுதுவோர் பதிவு செய்திருக்கிறார்கள்.

நான்கு ரீல் என்பது சிறிய தொகையல்ல, நேயர்களே. படச்சுருள், அரங்க அமைப்பு, சம்பளம் எல்லாம் சேர்ந்த செலவு அது. அதை எரிக்கத் துணிந்த ஒரு முதலாளி, ஒரு வரி மன்னிப்பு எழுத மறுத்த ஒரு நடிகை. இருவரில் யார் பிடிவாதக்காரர் என்று சொல்வது கடினம். ஆனாலும் நியாயம் பானுமதி பக்கம்தான் என்பது என் எண்ணம். தகவல் சொல்லிவிட்டு வந்தவரைக் குற்றவாளியாக்க முடியாது.

சாவித்திரி மேரியானார். சாவித்திரிக்கு வைத்திருந்த வேடம் ஜமுனாவுக்குப் போனது. சாவித்திரி ஒன்றும் அறியாத புதுமுகம் அல்ல. 1953-ஆம் ஆண்டின் தேவதாஸ் படத்தில் பார்வதியாக எல்லாரையும் அழ வைத்தவர்தான். அதே ஆண்டு மனம்போல் மாங்கல்யத்தில் ஜெமினி கணேசனுக்கு ஜோடியாகவும் நடித்துவிட்டார். ஆனால் மிஸ்ஸியம்மாவுக்குப் பிறகுதான் அவர் முன்வரிசை நட்சத்திரம். இரண்டே ஆண்டில் அதே விஜயா நிறுவனத்தின் மாயா பஜாரில் அவரைத் தவிர வேறு யாரையும் நினைக்க முடியாத நிலை வந்துவிட்டது.

பானுமதி நடித்திருந்தால் மேரியின் கோபம் உண்மையான கோபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பார்ப்பவர்கள் சற்றுப் பயந்திருப்பார்கள். சாவித்திரியின் கோபத்துக்குள் ஒரு குழந்தைத்தனம் ஒளிந்திருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கண் காட்டிக்கொடுத்துவிடும். படம் ஒரு நகைச்சுவைப் படமாக நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. தன் பாடல்களைத் தானே பாடுகிறவர் பானுமதி. அவர் விலகியதால் மேரிக்குப் பி. லீலாவின் குரல் வந்தது. ஏ.எம். ராஜாவோடு லீலா பாடியதை இன்றைக்கும் திருமண மேடைகளில் பாடிக்கொண்டிருக்கிறோமே!

சரி, மன்னிப்புக் கேட்க மறுக்கும் தைரியம் அந்தக் காலத்தில் ஒரு நடிகைக்கு எங்கிருந்து வந்தது? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பானுமதி பிறந்தது 1925-ஆம் ஆண்டு, ஆந்திராவில் ஓங்கோல் வட்டாரத்தில். 1939-ஆம் ஆண்டு வரவிக்ரயம் என்ற தெலுங்குப் படத்தில் அறிமுகமானபோது வயது பதினான்குகூட நிறையவில்லை. கதாநாயகன் கட்டிப்பிடிக்கும் காட்சி எதுவும் கூடாது என்று அவருடைய தந்தை நிபந்தனை போட்டுத்தான் மகளை நடிக்க அனுப்பினார். ஆக, அவரது திரைவாழ்க்கை தொடங்கியதே ஒரு ‘கூடாது’ என்ற சொல்லில்தான். 1943-ஆம் ஆண்டு, உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணாவைக் காதலித்து மணந்துகொண்டு வீட்டோடு இருந்துவிட எண்ணினார். இயக்குநர் பி.என். ரெட்டியின் சொர்க்கசீமா 1945-ஆம் ஆண்டு அவரைத் திரும்ப அழைத்து வந்தது.

பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து, மகன் பெயரில் பரணி பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பரணி ஸ்டூடியோவும் வந்தது. 1953-ஆம் ஆண்டு சண்டிராணி என்ற படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் பானுமதியே இயக்கினார், இரட்டை வேடத்திலும் நடித்தார். பாடத் தெரியும், இசையமைக்கத் தெரியும், கதை எழுதத் தெரியும். தெலுங்கில் அவர் எழுதிய மாமியார் கதைகள் இன்றும் பெயர் சொல்கின்றன. சக்கரபாணி முன்னால் நின்றவர் சம்பளத்துக்குக் காத்திருந்த நடிகை அல்லர். அவரும் ஒரு முதலாளி!

மற்றவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அன்றைய சென்னை, சேலம், கோவைப் பட நிறுவனங்கள் பலவற்றில் நடிகர்கள் மாதச் சம்பளத்தில் ஒப்பந்தமானவர்கள். கொடுத்த வேடத்தை மறுத்தால் அடுத்த வேடமே வராமல் போகலாம்.

இது நம் பக்கத்துக் கதை மட்டுமல்ல. ஹாலிவுட்டில் நிலைமை இன்னும் கடுமை. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் நடிகை ஒரு வேடத்தை மறுத்தால் சம்பளம் இல்லாமல் இடைநீக்கம் செய்வார்கள். அந்த நாட்களையும் ஒப்பந்தக் காலத்தின் முடிவில் சேர்த்துக்கொள்வார்கள். மறுக்க மறுக்க அடிமைத்தனம் நீளும்! 1936-ஆம் ஆண்டு பெட்டி டேவிஸ் தனக்குத் தரப்பட்ட வேடங்கள் பிடிக்காமல் இங்கிலாந்துக்குப் போனார். நிறுவனம் லண்டன் வரை வந்து வழக்குப் போட்டது, அவர் தோற்றார். பின்னர் ஒலிவியா டி ஹாவிலண்ட் துணிந்து நீதிமன்றம் போனார். ஏழு ஆண்டுக்கு மேல் ஒருவரை ஒப்பந்தத்தில் கட்டிவைக்க முடியாது, இடைநீக்கத்தைக் காட்டி நீட்டவும் முடியாது என்று கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1944-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ‘இந்த வேடம் வேண்டாம்’ என்று சொல்வதற்கு ஒரு தீர்ப்பே தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

இனி இரண்டாவது படத்துக்கு வருவோம். நாடோடி மன்னன், 1958.

எம்.ஜி.ஆர். சொந்தப் பணத்தைக் கொட்டி, முதன்முதலாகத் தாமே இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த படம். கதாநாயகி மதனாவாக நடித்தவர் பானுமதி. எடுத்த காட்சியையே எம்.ஜி.ஆர். திரும்பத் திரும்ப எடுத்தார். முதல் இயக்கம், சொந்தக் காசு, எல்லாம் சரியாக வர வேண்டும் என்ற கவலை அவருக்கு. படம் இயக்கிய அனுபவம் அவருக்கு முன்பே பானுமதிக்கு உண்டு என்பதையும் மறந்துவிடக்கூடாது. கருத்து வேறுபாடு முற்றியது. பானுமதி விலகினார்.

இந்த முறை யாரும் எதையும் எரிக்கவில்லை. எம்.ஜி.ஆர். கதையை மாற்றினார். மதனா அம்பு பாய்ந்து இறந்துபோகிறாள். பின்பகுதியில் ஒரு தீவும் அங்கே ஓர் இளவரசியும் வருகிறார்கள். படம் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறுகிறது. அந்த வண்ணத்தில் வந்து நின்றவர்தான் சரோஜாதேவி! கன்னடப் படங்களிலிருந்து வந்து தமிழில் சிறு வேடங்களில் தலைகாட்டிக்கொண்டிருந்தவர், ஒரே படத்தில் உச்சிக்குப் போனார். எம்.ஜி.ஆருடன் மட்டும் மொத்தம் 26 படங்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தபோது அஞ்சலிச் செய்திகள் நாடோடி மன்னனை நினைவுகூர்ந்தன.

இந்தப் பிரிவை வைத்து எம்.ஜி.ஆருக்கும் பானுமதிக்கும் தீராப் பகை என்று கதை கட்டுவோர் உண்டு. அதை நம்ப வேண்டாம். ராஜா தேசிங்கு 1960-இல் வந்தது, கலை அரசியும் காஞ்சித் தலைவனும் 1963-இல் வந்தன. மூன்றிலும் இருவரும் சேர்ந்துதான் நடித்திருக்கிறார்கள்.

காலம் மாறிவிட்டது, இப்போது மறுப்பது சுலபம் என்று நினைக்கிறீர்களா? 2015-ஆம் ஆண்டு வந்த பாகுபலியின் சிவகாமி வேடம் முதலில் ஸ்ரீதேவியிடம் போனது. அவர் நடிக்கவில்லை, ரம்யா கிருஷ்ணன் நடித்தார். ஸ்ரீதேவி கேட்ட நிபந்தனைகள் என்று இயக்குநர் ராஜமௌலி ஒரு பேட்டியில் சொன்னவை பரபரப்பாயின. அப்படியெல்லாம் கேட்கவில்லை என்று 2017-ஆம் ஆண்டு ஸ்ரீதேவி மனம் வருந்திப் பதில் சொன்னார். அதைப் பொதுவில் பேசியிருக்கக் கூடாது என்று பிறகு ராஜமௌலியே ஒப்புக்கொண்டார். மறுத்த நடிகை விளக்கம் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. நடிகர்கள் மறுத்தால், ‘கால்ஷீட் இல்லை’ என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறதே!

ரம்யா கிருஷ்ணனைப் பற்றி இன்னொன்று. 1999-ஆம் ஆண்டின் படையப்பாவில் நீலாம்பரி வேடத்துக்கும் முதலில் மனத்தில் இருந்தவர் ஐஸ்வர்யா ராய்தான். படம் மறுவெளியீடு கண்ட 2025-ஆம் ஆண்டு ரஜினிகாந்தே இதைச் சொன்னார். பிறர் கைக்குப் போகாமல் வந்த இரண்டு வேடங்களாலேயே ஒருவர் இரண்டு தலைமுறைக்குத் தெரிந்த முகமாகிவிட்டார்.

அரங்கத்தில் ஓர் அம்மா கேட்டார்: “பானுமதிக்கு நஷ்டம்தானே?” மிஸ்ஸியம்மா போனதில் பானுமதிக்கு வருத்தம் இருந்தது. ஆனால் தான் விலகியதால் சாவித்திரி என்ற பெரிய நடிகை நிலைபெற்றார் என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார். தொழிலில் அவர் பின்தங்கவில்லை. 1962-இல் அன்னை, 2003-இல் பத்மபூஷண். 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் தமது எண்பதாவது வயதில் மறைந்தார். வேடத்தைப் பெற்ற சாவித்திரியோ நீண்ட நாள் நினைவிழந்து கிடந்து 1981-ஆம் ஆண்டிலேயே போய்விட்டார்.

மேரியாகப் பானுமதி எப்படி இருந்திருப்பார் என்று பார்க்க வழியில்லை. அதே காலத்துப் பானுமதியைப் பார்க்க வேண்டுமானால் 1956-ஆம் ஆண்டின் ரங்கோன் ராதாவைத் தேடிப் பாருங்கள். அண்ணாவின் கதை, சிவாஜி கணவர். கணவனின் சூழ்ச்சியில் பைத்தியக்காரி என்று முத்திரை குத்தப்படும் மனைவியாகப் பானுமதி நடித்திருக்கிறார்.