ஊசி முனையின் விலை

தையல் யந்திரத்தில் பஞ்சு வைத்து மெத்தை விரிப்புத் தைக்கிற பெண்மணிகளுக்கு ஒரு பொதுப் புகார் உண்டு. "புது ஊசி போட்டு இரண்டு நாள் ஆகவில்லை, அதற்குள் மழுங்கிவிட்டது!" என்பார்கள். ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். இந்தக் காலத்துச் சரக்கே மட்டம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். என் வீட்டிலும் அந்தத் தீர்ப்பு பல தடவை வழங்கப்பட்டிருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஊசிக்காக நான் கொஞ்சம் வக்காலத்து வாங்கலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் கணக்கு. அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்றால் கஜத்துக்கு 360. ஒரு விரிப்பில் குறுக்கும் நெடுக்குமாக நூறு கஜம் ஓட்டினால், மேல் துணி, பஞ்சு, அடித் துணி மூன்றையும் அந்த முனை 36,000 தடவை துளைத்தாக வேண்டும். கனமான விரிப்பைக் கை அவசரப்பட்டு இழுத்தால் ஊசி வளைந்து அடித் தகட்டில் மோதும், முனை நசுங்கும். ஏழெட்டு மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றிவிடுங்கள் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வது சும்மா அல்ல.

இந்த ஊசியின் பிறப்பே விசித்திரமானது. நாம் ஊசியின் காது என்கிறோம். ஆங்கிலேயர் அதையே கண் என்கிறார்கள். கை ஊசிக்குக் காது வால் பக்கம் இருக்கிறது. ஊசி முழுவதும் துணிக்குள் புகுந்து மறுபுறம் வர வேண்டும். யந்திரம் தன் பிடியை விட்டுவிட்டு மறுபுறம் போய் ஊசியை வாங்க முடியுமா? முடியாது. அதனால் காதை முனைக்கு அருகில் கொண்டுவந்தார்கள். ஊசி இறங்கி, சற்றே ஏறும்போது நூல் ஒரு கண்ணியாக விரியும். அடிநூல் அதற்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். ஊசி துணியை முழுக்கத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை.

நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் 1834 வாக்கிலேயே இப்படி ஒரு யந்திரம் செய்தார். தைத்துப் பிழைக்கும் ஏழை ஸ்திரீகளின் வயிற்றில் இது அடிக்கும் என்று அவருடைய மகள் அஞ்சியதாகச் சொல்வார்கள். ஹன்ட் அதற்கு உரிமைப் பத்திரம் வாங்காமலே விட்டுவிட்டார். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1846-ல், மாஸசூஸெட்ஸைச் சேர்ந்த இலையாஸ் ஹோ அந்த உரிமையைப் பெற்றார். பெற்று என்ன பயன்? வாங்குவாரில்லை. லண்டனுக்குப் போய்ப் பார்த்தார், அங்கும் வறுமைதான். 1849-ல் அவர் ஊர் திரும்பியபோது மனைவி க்ஷயரோகத்தில் மரணப் படுக்கையில் இருந்தாள். கணவனின் கஷ்ட காலத்தில் பிறர் துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண் அவள். பணம் பிற்பாடு வந்தது. 1854-ல் ஸிங்கர் மீது தொடுத்த வழக்கில் வென்று ஹோ செல்வந்தரானார். பார்க்க அவள் இல்லை.

யந்திரத்தின் கதை இது. முனையின் கதை இதைவிட வேதனையானது.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்து ஊசிகளில் பெரும் பகுதி அங்கேதான் தயாராயிற்று. தையல் யந்திரம் வருவதற்கு வெகு முன்பிருந்தே அங்கே முனை தீட்டுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. சுழலும் உலர்ந்த சாணைக் கல்லில் ஒரு கைப்பிடி எஃகுக் கம்பிகளை உருட்டி உருட்டிக் கூராக்குவார்கள். தண்ணீர் பட்டால் துரு ஏறும் என்பதால் உலர்ந்த கல். பறக்கும் கல்தூளும் எஃகுத்தூளும் அவர்கள் நெஞ்சுக்குள் போய்த் தங்கின. நாற்பது வயதைக் கண்டவர்கள் அபூர்வம். கூலி மட்டும் மற்றவர்களைவிட அதிகம்.

1820-களில் ஷெபீல்டைச் சேர்ந்த ஏப்ரஹாம் என்பவர் எஃகுத்தூளை இழுத்துக்கொள்ளக் காந்தக் கவசம் ஒன்று செய்து கொடுத்தார். பிறகு, தூசியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிகளும் வந்தன. தொழிலாளிகள் வேண்டாம் என்றார்கள்! ஆபத்து நீங்கினால் அதிகக் கூலியும் நீங்கிவிடும் என்பது அவர்கள் பயம். இதைப் படித்து நான் வெகு நேரம் யோசித்தேன். அவர்களை மூடர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளின் இன்றைய சாப்பாட்டுக்காகத் தன் நாளைய மூச்சை விற்கிறவனிடம், மூச்சின் அருமையைப் பற்றி நாம் என்ன உபதேசம் செய்வது? விசிறிகள் நிலைபெறுவதற்குள் பல தலைமுறை போய்விட்டது. அங்குள்ள ஃபோர்ஜ் மில் என்ற பழைய ஊசி ஆலை இன்று காட்சிசாலையாக நிற்கிறது.

காது முறிந்த ஊசி பட்டினத்தாருக்குத் துறவைக் கொடுத்தது என்பது கதை. முனை மழுங்கிய ஊசி நமக்கு அவ்வளவு பெரிய ஞானத்தைத் தர வேண்டியதில்லை. தேய்வதுதான் அதன் வேலை என்று தெரிந்தால் போதும். பத்து விரிப்புக்கு ஓர் ஊசி என்று கஞ்சத்தனம் செய்யாமல், சற்றுத் தடித்த ஊசியாகப் போட்டு, துணியை இழுக்காமல் தைத்து, மழுங்கியதும் மனக்குறை இல்லாமல் மாற்றிவிடலாம். ஊசி தேயட்டும். அதைத் தீட்டுகிறவன் தேய்ந்த காலம் ஒன்று இருந்தது. அதுதான் புகார் சொல்ல வேண்டிய காலம்.